கை கழுவச் சொன்னால் போதுமா?



தோட்டப் பள்ளியில் காலைப் பாடம் தொடங்குமுன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைகளை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பது நம்முடைய பழைய வழக்கம். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு சிறுவனின் கை அழுக்காக இருந்தது. "ஏனப்பா, கை கழுவவில்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "லயத்துல ரெண்டு நாளா தண்ணி வரல சார்" என்றான் அவன். நாம் ஒன்றும் பேசாமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டோம். ஆனால் அந்தப் பதில் நம்மை விட்டுப் போகவில்லை. சுத்தமாக இரு என்று சொல்வது எளிது. சுத்தமாக இருப்பதற்கு வேண்டிய தண்ணீரை யார் தருவது? அது வராவிட்டால் யாரைக் கேட்பது?

இந்தக் கேள்வியைப் பிரிட்டிஷ் மக்கள் நெடுங்காலம் கேட்டு, பல துன்பங்களைப் பட்டு, ஓரளவு விடையும் கண்டார்கள். அந்த விடை 1930-களிலிருந்து 1960-கள் வரையில் அங்கே எப்படி உருவாயிற்று என்பதையும், ஊர்தோறும் அதை நடைமுறைப்படுத்திய சுகாதாரப் பரிசோதகரின் வேலை எத்தகையது என்பதையும் இன்றையப் பேச்சில் பார்ப்போம்.

பிரிட்டன் என்றதும் அது எப்போதும் சுத்தமான நாடாகவே இருந்தது என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகியபோது, லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற நகரங்களில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. காலரா என்னும் வாந்திபேதி திரும்பத் திரும்ப வந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. எட்வின் சாட்விக் என்பவர் தொழிலாளர் வாழிடங்களின் நிலையை ஆராய்ந்து 1842-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1844-இல் லிவர்பூல் நகரம் தாமஸ் ஃபிரெஷ் என்பவரைத் தொல்லைகளைப் பரிசோதிக்கும் அதிகாரியாக நியமித்தது. 1847-இல் அதே நகரம் டாக்டர் டங்கன் என்பவரை நகரச் சுகாதார மருத்துவ அதிகாரியாக அமர்த்தியது. மறு ஆண்டே, 1848-இல், நாடாளுமன்றம் முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதன்பிறகு காலப்போக்கில் நகராண்மைக் கழகங்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள் ஆனார்கள். ஒருவர் மருத்துவ அதிகாரி. மற்றவர் அவரோடு சேர்ந்து தெருத்தெருவாக, வீடுவீடாக நடந்து பார்ப்பவர். அவரைத்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று அழைத்தார்கள். 1956-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வழி அவருடைய பதவிப் பெயர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று மாறியது. சாக்கடையை மட்டும் பார்ப்பவர் என்ற எண்ணம் மாறி, மக்களின் உடல்நலம் முழுவதையும் காப்பவர் என்ற மதிப்பு அந்தப் பெயரோடு வந்தது.

அவர் பார்க்க வேண்டிய வீடுகள் எப்படி இருந்தன? பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. பின்பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே பின்வாசலும் கிடையாது, காற்றோட்டமும் கிடையாது. பல வீடுகளுக்கு முற்றத்தில் ஒரே தண்ணீர்க் குழாய், சில கழிவறைகள். நம் பழைய லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் குளியல் தொட்டி என்பது வீட்டில் இல்லை.

அங்கேயும் குற்றம் முதலில் தாய்மார்களின் தலையிலேயே விழுந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 இலட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வந்த பிள்ளைகள் சிலரின் தலையில் பேன், உடம்பில் சிரங்கு, மாற்றுத் துணிகூட இல்லை. அவர்களை வீட்டில் ஏற்ற கிராமத்துச் சீமாட்டிகள் முகம் சுளித்தார்கள். "இவர்களைப் பெற்றவர்கள் என்ன வளர்த்தார்கள்?" என்ற ஏச்சு நாடெங்கும் எழுந்தது. அதன் பிறகு பெண்கள் குழு ஒன்று நகர ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்து 1943-இல் 'நமது நகரங்கள்' என்ற நூலை வெளியிட்டது. ஏழைகளைக் குறைகூறும் சொற்கள் அந்நூலிலும் உண்டு. ஆயினும், நெருக்கடியான வீடும் தண்ணீர்ப் பஞ்சமும் எவ்வளவு பெரிய காரணங்கள் என்பதை அது படித்தவர் கண்முன் வைத்தது. மாடிப்படி இறங்கி, முற்றம் கடந்து, வாளியில் தண்ணீர் சுமந்து வந்து, அதை அடுப்பில் காயவைத்து நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டிய ஒரு தாயை, குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் வீட்டுக்காரி எப்படிப் பழிக்க முடியும்?

இந்த இடத்தில்தான் சட்டத்தின் நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்துக்குக் கேடான வீட்டை, அடைத்துக்கொண்ட சாக்கடையை, நாற்றம் வீசும் குப்பைக் குவியலைச் சட்டப்படியான தொல்லை என்று வகுத்தது. தொல்லையை நீக்கும்படி, அதற்குப் பொறுப்பானவருக்கு நகராண்மைக் கழகம் அறிவிப்பு அனுப்பலாம். குடியிருப்பவர் குப்பையைக் கொட்டியிருந்தால் அறிவிப்பு அவருக்குப் போகும். ஆனால் கூரை ஒழுகினால், சுவர் ஈரம் கசிந்தால், வடிகால் உடைந்திருந்தால், அதாவது கட்டடத்தின் அமைப்பிலேயே குறை இருந்தால், அறிவிப்பு வீட்டுச் சொந்தக்காரருக்கே போக வேண்டும் என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்லியது. உடைந்த வடிகாலுக்கு வாடகைக்கு இருப்பவளை ஏசுவதில் பயனில்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

பரிசோதகரின் வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அவர் கையில் குறிப்புப் புத்தகம் இருக்கும். நினைத்த நேரத்தில் யார் வீட்டுக்குள்ளும் அவர் நுழைந்துவிட முடியாது. தொழிற்சாலை, பட்டறை போன்ற வேலைத்தலங்கள் நீங்கலாக, மற்ற இடங்களுக்குள் உரிமையோடு நுழைவதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பார்த்ததை எழுதுவார். முதலில் வாய்ச்சொல்லாகவோ கடிதமாகவோ எடுத்துச் சொல்வார். பெரும்பாலான காரியங்கள் இவ்வளவிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சட்டப்படியான அறிவிப்பு போகும். அதற்கும் அசையாவிட்டால் விஷயம் மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் உத்தரவிடும், அபராதமும் போடும்.

இன்னுமொரு வழியும் அதே சட்டத்தில் இருந்தது. பரிசோதகர் வரவில்லை, நகராண்மைக் கழகம் கண்டுகொள்ளவில்லை என்றால், பாதிக்கப்பட்ட எவரும் நேரே நீதிமன்றத்தில் முறையிடலாம். 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு அந்த உரிமையை வழங்கியது. 1990-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் அவ்வுரிமை இடம்பெற்றது. அதிகாரியையும் கேள்வி கேட்க வழி வைத்திருந்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

வீட்டை விட்டு இனித் தண்ணீருக்கு வருவோம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரும் நஞ்சாகலாம். 1937-ஆம் ஆண்டு இறுதியில், இலண்டனுக்குத் தெற்கே குரோய்டன் என்னும் ஊரில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. 300 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தனர். 43 பேர் இறந்தனர். ஊருக்குத் தண்ணீர் தரும் ஒரு கிணற்றில் அப்போது பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இறங்கி வேலை செய்தவர்களில் ஒருவர் முன்பு டைபாய்டு கண்டு குணமானவர். அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் கிருமி அவர் உடலில் தங்கியிருந்தது. அதே வேளையில் அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போடுவதும் நின்றிருந்தது. கிணற்றில் வேலை நடப்பது ஊரின் சுகாதார மருத்துவ அதிகாரிக்குச் சொல்லப்படவே இல்லை. ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது மற்றோர் அலுவலகத்துக்குத் தெரியாமற்போனதால் எத்தனை உயிர்கள் போயின பாருங்கள். இதில் அந்தத் தொழிலாளியைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? தன் உடலில் கிருமி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சோதிக்க வேண்டியவர்கள் சோதித்திருக்க வேண்டும். குளோரினை நிறுத்தாமல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து உணவு. 1946-இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் ஐஸ்கிரீம் தின்ற 100 பேருக்கு மேல் டைபாய்டு கண்டது. அதைச் செய்து விற்றவரே கிருமியைத் தாங்கியவராக இருந்தார். மறு ஆண்டு, 1947-இல், ஐஸ்கிரீமுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஐஸ்கிரீம் கலவையை 150 பாகை பாரன்ஹீட் சூட்டில், அதாவது ஏறத்தாழ 66 பாகை செல்சியஸில், அரை மணி நேரம் வைக்க வேண்டும். அல்லது 160 பாகை பாரன்ஹீட்டில் 10 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் அதை நன்கு குளிரவைத்துவிட வேண்டும். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குளிரில் கிருமி உறங்கும், சூட்டில்தான் சாகும்.

1955-ஆம் ஆண்டில் எல்லா உணவுக் கடைகளுக்குமான உணவுச் சுகாதார விதிகள் இயற்றப்பட்டு, 1956-இல் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகள் வேலைக்காரருக்குச் சொன்னவை: உணவைத் தொடும்போது புகைபிடிக்கக்கூடாது, துப்பக்கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத கட்டுப் போட வேண்டும். சுத்தமான மேலுடை அணிய வேண்டும். டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு போன்ற தொற்று இருப்பது தெரிந்தால் மறைக்காமல் முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

முதலாளிக்குச் சொன்னவை: வேலை செய்வோர் கை கழுவுவதற்கென்றே தொட்டி வைக்க வேண்டும். அதற்கு வெந்நீரும் தண்ணீரும் வர வேண்டும். சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், சுத்தமான துவாலை ஆகியவற்றை வைக்க வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடும் மருந்துப் பொருள்கள் இருக்க வேண்டும். இறைச்சி, மீன், குழம்பு போன்றவை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிராகவோ, ஏறத்தாழ 63 பாகைக்கு மேலே சூடாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வெதுவெதுப்பில்தான் கிருமிகள் விரைந்து பெருகும். காலையில் சமைத்த குழம்பை மூடிவைத்து மாலையில் அப்படியே பரிமாறுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

நேயர்களே, இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை கழுவு என்று வேலைக்காரருக்கு உத்தரவு போட்ட அதே விதி, தொட்டியும் சோப்பும் துவாலையும் வை என்று முதலாளிக்கும் உத்தரவு போட்டது. நம் பள்ளிச் சிறுவனின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

உணவைச் சோதிப்பதிலும் நியாயம் பார்த்தார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறிய அதிகாரி மாதிரி எடுத்தால், அதை மூன்று பங்காகப் பிரிப்பார். ஒரு பங்கு விற்றவரிடமே கொடுக்கப்படும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். மூன்றாவது பங்கு முத்திரையிட்டு நீதிமன்றத்துக்காக வைக்கப்படும். விற்றவர் தம் பங்கை வேறிடத்தில் சோதித்துக்கொள்ளலாம். ஆகவே அதிகாரி பொய் சொல்கிறார் என்று இவரும் சொல்ல முடியாது. இவரை அதிகாரி அநியாயமாக மாட்டிவைக்கவும் முடியாது. கெட்டுப்போன இறைச்சியைப் பிடித்தாலும், அதை நீதிபதி ஒருவர் பார்த்து, உண்ணத் தகாதது என்று சொன்ன பிறகே அழிப்பார்கள்.

புகையின் கதையும் இதைப் போன்றதே. 1952 டிசம்பரில் இலண்டனில் ஐந்து நாட்கள் மூடுபனியும் நிலக்கரிப் புகையும் கலந்து நகரையே மூடின. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அப்போது கணித்தார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்று கூறின. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடத்தில் வீட்டு அடுப்பிலிருந்து புகை வரக்கூடாது. ஏழை வீட்டுக்காரர் புது அடுப்புக்கு எங்கே போவார்? மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை நகராண்மைக் கழகம் திருப்பித் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது.

இவ்வளவும் கேட்டு, அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். போருக்குப் பிறகு வீடு கட்டப் பொருள்கள் போதவில்லை. குடியிருக்கத் தகாதவை என்று கருதப்பட்ட வீடுகளிலேயே பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. உணவுக் கடைகள் அனைத்தும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பொது விதி 1990-களில்தான் வந்தது. விதி இருந்தும் நோய் வந்ததும் உண்டு. 1964-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 400 பேருக்கு மேல் டைபாய்டு கண்டது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு பெரிய டின் மாட்டிறைச்சி அதற்குக் காரணமாயிற்று. ஆலையில் சூடேற்றிய டின்னைச் சுத்திகரிக்காத ஆற்று நீரில் குளிரவைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு துவாரம் வழியே கிருமி உள்ளே புகுந்தது. கடையில் அதை வெட்டிய இயந்திரத்திலேயே மற்ற இறைச்சிகளையும் வெட்டியதால் அவற்றிலும் கிருமி ஒட்டிக்கொண்டது. நகரச் சுகாதார மருத்துவ அதிகாரி டாக்டர் இயன் மக்குவீன், கழிவறைக்குப் போய்வந்ததும் கை கழுவுங்கள் என்று செய்தியாளர் வழி நாள்தோறும் மக்களை வலியுறுத்தினார்.

ஆகவே அதிகாரி செய்ய வேண்டியதும் உண்டு. ஆலை செய்ய வேண்டியதும் உண்டு. கடைக்காரர் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒருவர் தவறினால் மற்றவர் முயற்சியும் வீணாகிறது.

இந்த முறைகள் நம் நாட்டுக்கும் புதியவை அல்ல. கோலாலம்பூரில் 1890-ஆம் ஆண்டிலேயே சானிட்டரி போர்டு அமைந்தது. நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய 'சானிட்டரி' என்ற சொல் அவ்வழி வந்ததே. மலேசியாவில் 1990-இல் இயற்றிய தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டக் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று விதித்தது. 2019-இல் அதைத் திருத்தி மற்றத் தொழில்களின் தங்குமிடங்களுக்கும் விரிவாக்கினார்கள். தண்ணீர் தருவது யாரோ காட்டும் கருணை அல்ல, கடமை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அறிந்தால் மட்டும் போதாது. முறையாகக் கேட்கவும் தெரிய வேண்டும். கூடிநின்று சத்தம் போட்டால் அன்றைக்குக் கோபம் தீரும், குழாய் ஒழுங்காகாது. பரிசோதகரின் குறிப்புப் புத்தகம் நமக்கு ஒரு நல்ல பாடம். என்று முதல் தண்ணீர் வரவில்லை? எத்தனை வீடுகளுக்கு வரவில்லை? எந்தச் சாக்கடை, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது? எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு? யாரிடம், எந்தத் தேதியில் சொன்னோம்? அவர் என்ன பதில் சொன்னார்? ஒரு பள்ளிக்கூட நோட்டில் இவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையே எழுதட்டும். பிறகு நிர்வாகத்துக்கோ, தொழிலாளர் இலாகாவுக்கோ, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ அதைப் பார்த்துக் கடிதம் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் இது பொருந்தும். அங்கேயும் குப்பை உண்டு, சாக்கடை உண்டு, கொசுவும் உண்டு.

அதே வேளையில் நம் கடமையை மறக்கலாகாது. தண்ணீர் வரும் நாளில் கை கழுவாமல் இருப்பதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. பச்சை மீனை வெட்டிய பலகையிலேயே தேங்காய்ச் சில்லை நறுக்காதீர்கள். சமைத்த உணவை நெடுநேரம் வெதுவெதுப்பில் வைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் பிறருக்குச் சமைக்க வேண்டாம்.

அந்தச் சிறுவனின் பேச்சுக்குப் பிறகு நம் பள்ளியில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்பொழுதும் நகம் பார்க்கிறோம். ஆனால் அதற்கு முன்னால், பள்ளிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறோம்.